மாப்ளைக்கு, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில இருந்து

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து பதினஞ்சு நாளாச்சு, பதில் போடலைன்னு திட்டியிருப்ப, திட்டிக்கோ. இங்க தென்னையில வெள்ளை ஈ புகுந்து ஓலையெல்லாம் கரியப் பூசுன மாதிரி ஆகிக் கெடக்குது, மருந்து அடிக்க ஆள் கெடைக்கறதில்ல, கெடைச்சாலும் பம்பு ரிப்பேர். முட்டி வலி எப்படி இருக்கு உனக்கு? ஆபரேசன் வேண்டாம்னு நீ அடம் புடிக்கறதா தங்கச்சி போன்ல சொல்லி அழுதுச்சு. அதப் பத்தி நேர்ல பேசிக்கறேன்.

நீ பேரனைக் கூட்டிக்கிட்டு கீழடி மியூசியம் போயிட்டு வந்து எழுதியிருந்தியே, அதை ரெண்டு தடவை படிச்சேன். செட்டிநாட்டு வீடு மாதிரி எவ்வளவு அழகாக் கட்டி 2023 மார்ச்சுல தெறந்து வெச்சிருக்காங்க, இவன் என்னடான்னா பத்தே நிமிசத்துல "தங்கம் எங்க தாத்தா"ன்னு கேட்டுட்டு வெளிய ஓடிட்டான்னு வருத்தப்பட்டிருந்த. அவனைத் திட்டாத. எனக்கும் அதே கதைதான் நடந்துச்சு, அதுவும் நாப்பது பசங்களோட.

கணக்கு வாத்தியாருக்கு மியூசியத்துல என்னடா வேலைன்னு கேப்ப. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வீட்டுல உக்காந்தா உன் அக்கா (அதான் என் சம்சாரம்) தேங்கா உரிக்கச் சொல்றா. அதனால நம்ம தமிழ் மீடியம் பசங்களை மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை டவுன் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன். மொத தடவை போனப்ப சுத்தமா ஊத்திக்கிச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய பானை ஓடு, அதுக்குக் கீழ மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் ரெண்டு வரி, தமிழ்ல ஒரு எழுத்து கெடையாது, பாதி ட்யூப்லைட் எரியல, வாட்ச்மேன் பின்னாடியே வந்து "தொடாத, சாயாத, சத்தம் போடாத"ங்கறாரு. முப்பத்தஞ்சு நிமிசம். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒருத்தன்கிட்ட என்னடா பாத்தேன்னு கேட்டா "ஒடைஞ்ச சட்டி சார்"ங்கறான். அவன் சொன்னதுல தப்பே இல்ல பாரு.

அடுத்த மாசம் போறப்ப புதுசா ஒரு மேடம் டியூட்டிக்கு வந்திருந்தாங்க, சின்ன வயசு, நம்ம மக வயசுதான் இருக்கும். அவங்க ஒரு மர ட்ரேயில ஓடா அள்ளிக் கொண்டு வந்து மேசை மேல வெச்சு "எடுத்துப் பாருங்க"ன்னுட்டாங்க. எனக்கே பக்குன்னு ஆயிருச்சு. கேட்டதுக்கு வெவரமாச் சொன்னாங்க: குழி வெட்டி அடுக்கடுக்கா எடுக்கற ஓட்டுக்கு எந்தக் குழி, எத்தனாவது அடுக்கு, கூட என்ன கெடந்துச்சுன்னு கணக்கு இருக்கும், அந்தக் கணக்குக்குத்தான் மதிப்பே, அதை யாருக்கும் குடுக்க மாட்டாங்க. இது ஏரு ஓட்டறப்ப மேல வந்து யாரோ பொறுக்கிட்டு வந்து குடுத்தது, ஆராய்ச்சிக்குப் பெருசா ஆகாது, ஆனா அதே காலத்து ஓடு. அதனால கையில குடுக்கலாமாம். பாரு, இத்தனை வருசம் இது மூட்டையில கட்டி ஒரு மூலையில கெடந்திருக்கு.

பசங்க கையில எடுத்ததும் ரூமே மாறிப் போச்சு. உள்ள கறுப்பு, வெளிய செவப்பு, இது ஏன் சார்னு ஒரு அம்மிணி கேட்டா. சட்டியைக் கவுத்து வெச்சுச் சுட்டா உள்ள காத்துப் போகாது, புகையும் கரியும் உள்ளயே தங்கிக் கறுத்துரும், வெளிப்பக்கம் காத்துப் பட்டுச் செவந்துரும், அவ்வளவுதான்னு மேடம் சொன்னாங்க. அந்தப் புள்ள உடனே "எங்க ஆயா தோசைக்கல்ல கவுத்து வெச்சுப் பழக்குவாங்க, அதும் கறுத்துரும்"னா. சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல, ஆனா அவ யோசிச்சா பாரு. இன்னொருத்தி ட்ரேயைக் கிண்டி ஒரு ஓட்டை எடுத்து "சார் பாண்டிச் சில்லு"ன்னு கத்திட்டா. வட்டமா ஓரம் தட்டித் தேச்சு வெச்சிருந்த சில்லு. நீ கீழடியில பாத்திருப்பியே, அங்கயும் அதே மாதிரி வட்டச் சில்லு நெறைய எடுத்திருக்காங்க. அதைப் பேரன் கையில குடுத்துக் கட்டம் போட்டு விட்டிருந்தா அவன் தங்கத்தைக் கேட்டிருக்கவே மாட்டான்.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன். மூணாவது தடவை போறப்ப ஒரு பையனோட பாட்டியும் தொணைக்கு வந்துச்சு, எங்கூர்ல சட்டிப்பானை செய்யறவங்க, ஊட்டுல தெலுங்கு மாதிரி ஒண்ணு பேசுவாங்க, வெளிய நம்ம தமிழ். அந்தம்மா ட்ரேயைப் பாக்கவே இல்ல. ஓட்டெல்லாம் ஒட்டி முழுசாக்கி வெச்சிருந்த ஒரு பானை இருக்கற கண்ணாடிப் பெட்டி முன்னாடி போய், முட்டி போட்டு உக்காந்து, கீழ இருந்து அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்துச்சு. வாட்ச்மேன் வந்துட்டாரு. பேரன் பலகையைப் படிச்சு "சேமிப்புக் கலம்னு போட்டிருக்கு பாட்டி, தானியம் வெக்கறது"ன்னான்.

"ஏனுங்க அம்மிணி, தானியம் போடற மொடாவுக்கு எதுக்குங்க அடுப்புக் கரி?"ன்னு அந்தம்மா மேடத்தைக் கேட்டுச்சு பாரு!

மேடமும் கீழ உக்காந்து பாத்தாங்க, நானும் உக்காந்தேன், என் முட்டியும் உன் முட்டி மாதிரிதான், எந்திரிக்க ரெண்டு பசங்க கை குடுக்க வேண்டியிருந்துச்சு. அடியில நெசமாலுமே திட்டுத் திட்டாக் கரி, சூளையில வந்த கறுப்பு மாதிரி சீரா இல்ல. அந்தம்மா விடல. வாய் வெளிய மடிஞ்சிருக்கு, கஞ்சி வடிக்கறப்ப துணியை வெச்சுப் புடிக்கறதுக்கு அது. கழுத்து வரைக்கும் சக்கரத்துல வெச்சது, அதுக்குக் கீழ உள்ள ஒரு கையில கல்லு, வெளிய பலகை, ரெண்டும் வெச்சுத் தட்டித் தட்டிப் பெருசாக்குனது, அதுக்குத்தான் உள்ள சின்னச் சின்னப் பள்ளம். "அடி மெல்லிசா இருந்தாத்தான் சீக்கிரம் சூடேறும், வெறகு மிச்சம்." மேடம் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் வெக்கமா இருந்துச்சுடா, ஏன்னா அந்தம்மா நம்ம பள்ளிக்கூடத்து வாசல்ல முப்பது வருசமா சட்டி வித்துச்சு, நான் ஒரு நாள் கூட அதுகிட்ட ஒண்ணும் கேட்டதில்ல.

சனங்களுக்கு ஆர்வம் இல்ல, சனங்களுக்கு ஆர்வம் இல்லன்னு எல்லா மீட்டிங்லயும் பேசறாங்க. ஆர்வம் இல்லாம இல்ல, பயம். இங்க யாராவது குழி தோண்டி ஒரு தாழி வந்துச்சுன்னா வெளிய சொல்ல மாட்டாங்க, சொன்னா எடத்தப் புடுங்கிருவாங்கன்னு. 1878லயே வெள்ளைக்காரன் புதையல் சட்டம் போட்டான், கேரளாவுக்கு 1968ல தனியா ஒரு புதையல் சட்டம் வந்துச்சு, மண்ணுக்குள்ள புதையல் கெடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும். கண்டெடுத்தவனுக்கும் பணம் கெடைக்க வழி உண்டுங்கறதை மட்டும் யாரும் சொல்றதில்ல. மலம்புழா டேம் தண்ணிக்கு நடுவுல இருக்கற திட்டுகள்ல 110க்கு மேல பெருங்கற்காலத்துக் கல்லறை இருக்குன்னு 2025ல சென்ட்ரல் ஆர்க்கியாலஜிக்காரங்க சொன்னப்ப எங்க டீக்கடையில மொத கேள்வி "டேமை மூடிருவாங்களா?"

என் பையன் லண்டன்ல இருக்கான்ல, அவன்கிட்ட இதைச் சொன்னதுக்கு அவன் ஒண்ணு சொன்னான். 1954ல அங்க டவுனுக்கு நடுவுல ஆபீஸ் கட்டத் தோண்டுனப்ப ரோமாபுரிக்காரங்க மித்ராங்கற சாமிக்குக் கட்டுன கோயில் ஒண்ணு வந்துச்சாம். தோண்டற எடத்தையே தெறந்து விட்டதுல ரெண்டு வாரத்துல நாலு லட்சம் பேர் வரிசையில நின்னாங்களாம். அப்புறம் 1962ல அந்தக் கல்லைக் கொண்டு போய் வேற எடத்துல சிமெண்ட் வெச்சு அடுக்குனாங்க, பாத்தவங்க மூஞ்சியச் சுளிச்சாங்க. கடைசியில 2017ல அதே பழைய எடத்துக்கே கொண்டாந்து வெச்சிருக்காங்க. அந்த ரோமாபுரிக்காரன் காசுதான் நம்ம பக்கம் வெள்ளலூர்ல குடம் குடமா வந்துச்சு. ஈரோட்டுப் பக்கம் கொடுமணல்ல அறுத்துத் தீட்டுன கல்மணி இந்த பாலக்காட்டுக் கணவாய் வழியாத்தான் மேற்க கேரளக் கரையில இருந்த பழைய துறைமுகம் முசிறிக்கு எறங்கிச்சு. இன்னைக்கு வாளையார்ல லாரி போற அதே வழிதான், அன்னைக்கு மாட்டு வண்டி. அந்த முசிறி இருந்த எடமா இருக்கும்னு சொல்ற, பரவூர் பக்கம் பட்டணம்ங்கற ஊர்ல 2007ல பெரிய அளவுல தோண்ட ஆரம்பிக்கறதுக்கு முந்தியே மழை பேஞ்சா முத்தத்துல மணி பொறுக்கற வழக்கம் அந்த ஊர்ப் பசங்களுக்கு உண்டு. ஆராய்ச்சிக்காரன் கடைசியாத்தான் வந்தான், என்ன சொல்ற?

சரி, பானை கதைக்கு வர்றேன். பலகையை மாத்தணும்னு மேடம் ஃபைல் எழுதி மேல அனுப்பி நாலு மாசமாச்சு. எழுதறது ரெண்டு வார்த்தை, அதுக்கு எத்தனை கையெழுத்துன்னு கேக்காத. போன சனிக்கிழமை போனேன், பலகை அப்படியே இருக்கு, ட்யூப்லைட்டும் அப்படியே இருக்கு. ஆனா "சேமிப்புக் கலம்"ங்கறதுக்குக் கீழ யாரோ பென்சில்ல தமிழ்ல "சோத்துப்பானை"ன்னு எழுதி வெச்சிருக்காங்க. வாட்ச்மேன் பாத்துட்டு அழிக்காம விட்டிருக்காரு. கையெழுத்து எனக்குத் தெரிஞ்ச கையெழுத்துதான், நான் தான நோட்டுத் திருத்துனேன் அவனுக்கு. நானும் ஒண்ணும் கேட்டுக்கல.

பொங்கலுக்குப் பேரனைக் கூட்டிக்கிட்டு வா. பஸ்ஸு வேண்டாம், முட்டி தாங்காது, பொள்ளாச்சி வரைக்கும் ரயில்ல வந்துரு, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்.

உன்
கணக்கு வாத்தி