பஞ்சு நிறைந்தால் பிரிண்டரைத் தூக்கிப் போட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் 17 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்துக் கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒருவர், மடியில் பிரிண்டரை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். "தம்பி, இதைக் காயலான் கடையில போட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றார். சர்வீஸ் சென்டரில் காட்டியிருக்கிறார். ஆயுள் முடிந்துவிட்டது, சரி பண்ணுகிற காசோடு கொஞ்சம் சேர்த்துப் புதுசே வாங்கிக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்கிற இங்க் டேங்க் பிரிண்டர்தான், வாங்கி நாலு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, ஊர்க்காரர்கள் காசு போட்டுப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தது.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு விடாமல் மின்னியது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் இங்க் பேட் ஆயுள் முடிந்தது, சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றி மூடியை எடுத்தால் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் அடுக்கி வைத்த பஞ்சு. இங்க் பேட் என்பது இதுதான். வெள்ளைப் பஞ்சாக உள்ளே போனது, கறுப்பும் நீலமும் சிவப்பும் ஊறிக் கடைசியில் வண்டல் மண் மாதிரி ஆகியிருந்தது. பழைய பேப்பரை விரித்து அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினேன், மை கசிந்து நாலு பக்கமும் பரவியது. டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மையும் தாள்ல விழாமலே போயிடுச்சா?" என்று கேட்டார். வாங்கின அன்றைக்கே கடையில் யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி இங்க்ஜெட் பிரிண்டரில் மையைத் தாளில் தெளிக்கிற ஹெட்டில் தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கின்றன. மை காய்ந்து அவை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சுவிட்சைப் போடும்போதும், நாமாக ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதும், பிரிண்டர் கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியே விடும். அந்த மை போய்ச் சேருகிற இடம்தான் இந்தப் பஞ்சு. பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க இந்த மாதிரி வீட்டு பிரிண்டர்களுக்குள் கண் எதுவும் கிடையாது. எத்தனை முறை மை விட்டோம், எவ்வளவு விட்டோம் என்று ஒரு கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், கணக்கு எல்லையைத் தொட்டதும் பிரிண்டர் தன்னைப் பூட்டிக்கொள்ளும். ஹெட் நன்றாக இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், டேங்கில் பாதிக்கு மேல் மை இருக்கும், ஆனாலும் ஒரு தாள் வராது. பல மாடல்களில் ஸ்கேனும் சேர்ந்தே நின்றுவிடும், ஸ்கேன் எடுக்க ஒரு சொட்டு மைகூடத் தேவையில்லை என்றபோதும்.

பூட்டுவதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. பூட்டாவிட்டால் பஞ்சு நிரம்பி மை வழியும். என் கடையிலேயே நடந்தது. கணக்கை மட்டும் ரீசெட் பண்ணி, அதாவது பூஜ்யத்துக்குத் திருப்பி, பஞ்சை மாற்றாமல் இரண்டு தடவை ஓட்டினேன், ஒருநாள் காலையில் ஷட்டரைத் திறந்தால் மேசையில் இருந்த ஒருவருடைய பட்டா நகல், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் அடியில் நீலமாகியிருந்தது. அவருக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்க நான் இரண்டு நாள் அலைந்தேன். ஆகவே பஞ்சை மாற்றாமல் ரீசெட் மட்டும் பண்ணித் தருகிறவரிடம் யாரும் பிரிண்டரைக் கொடுக்க வேண்டாம்.

என் வருத்தமெல்லாம் வேறு. 7,500 பக்கம் கலர் வரும் என்று பெட்டிமேல் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே ஒரு பஞ்சு இருக்கிறது, அது நிரம்பினால் மிஷின் நின்றுவிடும், மாற்ற இவ்வளவு ஆகும் என்று அதே பெட்டியில் ஒரு வரி போட்டால் என்ன? ஸ்கூட்டர் வாங்கினால் ஆயில் மாற்ற வேண்டும் என்று ஷோரூமிலேயே சொல்லித்தானே அனுப்புகிறார்கள்? இப்போது வரும் சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், நிறைந்ததும் நாமே உருவிவிட்டுப் புதிதைச் செருகிக்கொள்ளலாம். அது வரவேற்க வேண்டிய விஷயம், புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே வீடுகளிலும் பள்ளிகளிலும் இருக்கிற பிரிண்டர்கள் எல்லாம் என்ன ஆவது?

ரீசெட் விவகாரம் இதைவிட மோசம். கணக்கை ரீசெட் பண்ணும் மென்பொருளைக் கம்பெனி தராததால் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் முகம் தெரியாத தளங்களுக்குப் பணம் கட்டி அதையும், அதை இயக்கும் ரீசெட் கீ என்ற குறியீட்டையும் வாங்குகிறோம். அந்த மென்பொருளைப் போடும்போது ஆன்டிவைரஸை அணைத்து வை என்று அதிலேயே எழுதியிருக்கும். வாடிக்கையாளர்களின் ஆதாரும் சான்றிதழும் இருக்கிற கம்ப்யூட்டரில் அதைச் செய்ய மனம் கூசுகிறது, நான் இதற்கென்று ஒரு பழைய லேப்டாப்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் எப்சன் நிறுவனம், பஞ்சுக் கணக்கை ஒரு பிரிண்டருக்கு ஒரு முறை ரீசெட் பண்ணிக்கொள்ள விண்டோஸுக்கான மென்பொருளை இலவசமாகவே தன் தளத்தில் தருகிறது. அங்கே தர முடியும் என்றால் இங்கேயும் எல்லாக் கம்பெனிகளும் தரலாம்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேர் பிரிண்டரைச் சுவரில் இருக்கிற சுவிட்சில்தான் அணைக்கிறார்கள். பிரிண்டரில் இருக்கிற பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும், அதற்கப்புறம் சுவர் சுவிட்சை அணைக்கலாம். அச்சடிக்கும்போதே கரண்ட்டை நிறுத்தினால் ஹெட் நடுவழியில் மூடாமல் நிற்கும், எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது அடைத்துக்கொள்ள அதிக நாள் ஆகாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நிவாரணத்துக்கு ரேஷன் கார்டு நகல் கேட்டு வாசலில் வரிசை நின்றது. ஜெனரேட்டர் வைத்து லேசர் மிஷினை மட்டும் ஓட்டினேன், இங்க் டேங்க்கைத் தொடவே இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தால் கறுப்பு மட்டும் வரவில்லை. பதற்றத்தில் அடுத்தடுத்துப் பத்துத் தடவையாவது ஹெட் கிளீனிங் கொடுத்திருப்பேன், அத்தனை மையும் நேராகப் பஞ்சுக்குத்தான் போயிற்று. அப்போது எனக்குத் தெரியாது. முதலில் நாசில் செக், அதாவது எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைத் தாள், எடுக்க வேண்டும், கோடு விட்டுப்போயிருந்தால் மட்டும் கிளீனிங், இரண்டு மூன்று முறைக்கு மேல் போகாமல் அணைத்துவிட்டு ஒரு 12 மணி நேரம் சும்மா விட வேண்டும், காய்ந்த மை அதற்குள் தானாக இளகும். மறுநாள் காலையில் பாதிக்குப் பாதி சரியாகிவிடும் என்பது என் அனுபவம். வாரம் ஒரு கலர் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

பஞ்சு மட்டும் இல்லை, வேறு காரணங்களுக்காகவும் நல்ல மிஷின்கள் வெளியே போகின்றன. ஒரு வக்கீல் ஆபீஸில் பழைய கேனன் எல்பிபி 2900 லேசர் பிரிண்டர், ரொம்ப உழைத்த மிஷின், ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி மற்ற இரண்டுக்கும் ஷேர் போட்டிருந்தார்கள். 2021 செப்டம்பரில் விண்டோஸ் அப்டேட் வந்த கையோடு மற்ற இரண்டிலும் 11பி என்று முடிகிற ஒரு எரர் வந்து நின்றுவிட்டது. பிரிண்டர் பழசு, அதனால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிரிண்டிங்கில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட் அது, பிரிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே மாதிரி அப்டேட் பண்ணி, டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டதும் ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் ஓடுகிறது. ரீஃபில் பண்ணின 12ஏ கார்ட்ரிட்ஜ்தான் போடுகிறார்கள்.

அப்புறம் வைஃபை. வீட்டில் ஃபைபர் இணைப்பு மாற்றியவர்கள் பலர் பிரிண்டர் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது. ரூட்டரில் 2.4 பெயரைப் பார்த்து இணைத்தால் தீர்ந்தது.

ஸ்கேனர் சரியில்லை என்று வருவதிலும் பாதி இப்படித்தான். சான்றிதழை 200 கேபிக்குள் ஏற்றச் சொல்லுவார்கள், இவர்கள் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில் எடுத்து வைத்துக்கொண்டு அப்லோடு ஆகவில்லை என்பார்கள். 300 வைத்தாலே ஏ4 தாளுக்கு 87 லட்சம் புள்ளி வருகிறது, 600 என்றால் அதைப்போல் நாலு மடங்கு. கறுப்பு எழுத்துச் சான்றிதழுக்கு 200 டிபிஐ, கிரேஸ்கேல் (கலர் இல்லாமல்), அது போதும். மேலே தாளை அடுக்கி வைத்து இழுக்கும்போது மட்டும் நெடுக ஒரு கோடு விழுந்தால், பெரிய கண்ணாடியை எவ்வளவு துடைத்தும் பிரயோஜனம் இல்லை, அதன் இடது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும், அதில் கடுகளவு ஒயிட்னரோ பசையோ ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டாமல், துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

இதையெல்லாம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் யாரும் சொல்லிவிடலாம். சொல்ல ஆள் இல்லாததால்தான் ஓடுகிற மிஷின் காயலான் கடைக்குப் போகிறது. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, கம்பெனிகள் தங்கள் பொருளைச் சரிசெய்யும் விவரங்களை அதில் வைக்க வேண்டும் என்பது எண்ணம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் பட்டியலிலேயே இருக்கின்றன, அவற்றைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சரி, குப்பையான பிறகு பொறுப்பு இருக்கிறது, குப்பை ஆகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களுக்கு இருக்க வேண்டாமா? கேட்பது மூன்றே மூன்று. பஞ்சைப் பற்றிப் பெட்டியிலேயே தமிழில் எழுதுங்கள். அந்தப் பஞ்சை மை பாட்டில் விற்கிற கடையிலேயே விலை போட்டு விற்கச் செய்யுங்கள். ரீசெட்டை உங்கள் தளத்திலேயே கொடுங்கள். உங்கள் நாளிதழும் இதைக் கம்பெனிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சருடைய பிரிண்டருக்குப் புதுப் பஞ்சு ஆன்லைனில் வரவழைத்துப் போட்டேன். பஞ்சும் ரீசெட்டும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கடையிலேயே ஒரு தாள் அடித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சித் தாளை பென்டிரைவில் வைத்திருந்தார், 26 பிரதி அடித்து எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
வேதாரண்யம்.