கிராண்ட் வேறு, கிராண்டியோஸ் வேறு: கைடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கைடு எழுதும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

சினானிம்ஸ் பகுதியில் 'கிராண்ட்' என்று போட்டு, எதிரே மெஜஸ்டிக், மேக்னிபிசன்ட், கிராண்டியோஸ் என்று வரிசை கட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளைகள் இருப்பதிலேயே கெத்தாகத் தெரிவதை எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசித்த மாணவி, சிறப்பு விருந்தினரின் 'கிராண்டியோஸ்' சேவையைப் பாராட்டினாள். வந்தவர் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் பேராசிரியர். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். அந்தப் பெண் கைடில் உள்ளதைத்தானே படித்தாள்?

மேக்னிபிசன்ட் பாராட்டு, அதில் வம்பில்லை. மெஜஸ்டிக்கில் ராஜ கம்பீரம் உண்டு. மலைக்கும் யானைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கிராண்டியோஸ் அப்படியல்ல. இத்தாலியில் இசைக்குறிப்பில் 'கிராண்டியோசோ' என்றால் கம்பீரமாக வாசி என்றுதான் பொருள். இங்கிலீஷில் பெரும்பாலும் அதற்குள் ஒரு நக்கல் இருக்கும். கையில் காசில்லாமல் போடும் மாபெரும் திட்டம், பந்தாவான பேச்சு, இவற்றுக்குத்தான் அந்தச் சொல். தன்னை அரசனென்றோ கடவுளின் தூதனென்றோ உறுதியாக நம்பும் மனநோய் அறிகுறியை மருத்துவர்கள் கிராண்டியோஸ் டெலுஷன் என்கிறார்கள். கல்லணைக்கு வெள்ளைக்காரர்கள் 'கிராண்ட் அணைக்கட்' என்று பெயர் வைத்தார்கள். கிராண்டியோஸ் என்று வைத்திருந்தால் கரிகாலனையே கிண்டலடித்த மாதிரி ஆகியிருக்கும்!

அப்புறம், கிராண்ட் என்றாலே பட்டும் ஜரிகையும் என்று நினைப்பதும் சரியில்லை. தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டின் முதல் எழுத்து கிராண்ட்தான். அந்த டிராபிக்கில் என்ன பகட்டு? அது தெற்கே போகும் முதன்மைச் சாலை என்ற கணக்கில் வைத்த பெயர். பில்லின் அடியில் வரும் கிராண்ட் டோட்டலும் அந்த வகைதான், எல்லாம் சேர்ந்த மொத்தம். அயர்லாந்துக்காரரிடம் நலம் விசாரித்தால் 'கிராண்ட்' என்பார். நல்லாயிருக்கேன், அவ்வளவுதான்.

அடுத்த பதிப்பில் பட்டியலைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியமாவது எடுத்துக்காட்டாகக் கொடுங்கள். கிராண்டியோஸை விடமாட்டோம் என்றால் பக்கத்திலேயே 'ஏளனத் தொனி' என்று போடுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பின் அட்டை முழுக்க உங்கள் மற்ற கைடுகளின் விளம்பரம்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் இங்கிலீஷ் வாத்தியார்