காய்ச்சல் தணிந்தால் போதாது, மூச்சையும் எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாள் முதல் சென்னையின் காய்ச்சல் நிலவரம் குறித்துத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. கொசு ஒழிப்பு, காய்ச்சல் முகாம், குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது என எல்லாமே தேவையான செய்திகள்தான். ஆனால் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவர் எந்தக் கட்டத்தில் உயிராபத்தை நோக்கித் திரும்புகிறார், அதை வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுகொள்வது என்பது பற்றி அவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. சென்னை அரசு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்தத் திருப்பத்துக்குப் பெயர் செப்சிஸ். அதைப் பற்றி வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நோயாளியின் உறவினர்களிடம் "ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுவது மருத்துவமனைகளில் வழக்கம். அது முழு விளக்கம் ஆகாது. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ வயிற்றிலோ காலில் உள்ள புண்ணிலோ தொற்று ஏற்படும்போது அதை எதிர்க்கப் புறப்படும் உடலின் தற்காப்பு, சிலருக்குக் கட்டு மீறிப் போய் அவர்களுடைய உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குகிறது. 2016-ஆம் ஆண்டு முதல் மருத்துவ உலகம் பின்பற்றும் வரையறையின் சாரம் இதுதான். ரத்தத்தை வளர்சோதனைக்கு அனுப்பியதில் கிருமி எதுவும் வளரவில்லை என்ற முடிவு வந்தாலும் ஒருவருக்குச் செப்சிஸ் இருக்கலாம். பலருக்கு அப்படித்தான் முடிவு வருகிறது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டு 1.1 கோடிப் பேர் இறந்தனர் என்றும், அந்த ஆண்டில் நிகழ்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று இதனோடு தொடர்புடையது என்றும் 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அப்படியிருந்தும் டெங்குவுக்கு இருக்கும் விழிப்புணர்வில் சிறு பங்குகூட இதற்கு நம்மிடம் இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நம் வீடுகளில் நோயின் போக்கை அளக்கக் காய்ச்சல் ஒன்றைத்தான் கணக்கில் எடுக்கிறோம். உடம்பு சுட்டால் நோய் ஏறுகிறது, குளிர்ந்தால் இறங்குகிறது என்று நம்புகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம், "நேத்தே காய்ச்சல் விட்டுருச்சும்மா, அசதியில தூங்குறாருன்னு விட்டுட்டோம்" என்பதுதான். முதியவர்களுக்கும், சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தொற்று எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காய்ச்சல் வராமலே போகலாம். உடல் வெப்பம் 96.8 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குவது 101-ஐத் தாண்டுவதைவிடக் கெட்ட அறிகுறியாக இருக்கக்கூடும். பாராசிட்டமால் கொடுத்ததும் சூடு தணிவது மாத்திரை வேலை செய்கிறது என்பதையே காட்டுகிறது. தொற்று அடங்கிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது மூச்சை. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுவார். அது 22 அல்லது அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டிய நிலை. உறுப்புகளின் திசுக்களுக்குப் போதிய ரத்த ஓட்டம் கிடைக்காதபோது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்கிறது; அந்த அமிலத் தன்மையை ஈடுகட்டக் கரியமில வாயுவை வெளியேற்றும் முயற்சியில் உடல் வேகவேகமாக மூச்சு விடுகிறது. அதாவது நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாமல், சிறுநீரகத் தொற்றால் மட்டுமே ஒருவருக்கு மூச்சு வாங்கலாம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்றும் சென்னையின் பல வீடுகளில் இருக்கிறது. அதில் 97 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். செப்சிஸின் தொடக்கத்தில் ஆக்சிஜன் அளவு சரியாகவே இருக்கலாம் என்பதையும், விரல்கள் சில்லிட்டிருந்தால் அந்தக் கருவி காட்டும் எண்ணையே நம்ப முடியாது என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மூச்சை எண்ண எந்தக் கருவியும் வேண்டாம். நோயாளிக்குத் தெரியாமல், அவருடைய மார்பு அல்லது வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினால் போதும்.

அடுத்தது மனநிலை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று நாளையும் ஆளையும் குழப்பிக்கொண்டால், எழுப்பினால் விழித்து உடனே மீண்டும் கண்ணயர்ந்தால், அதை முதுமையின் மீது போட்டுவிடக் கூடாது. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவனும் மனைவியுமாகத் தனித்திருக்கும் முதியோர் ஏராளம். "வயசாயிடுச்சு, ஏதோ உளறுறார்" என்று தொலைபேசியில் சொல்லப்படும் அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதைத் தொற்று இருப்பது மிகச் சாதாரணம். சிறுநீர் அளவையும் கேட்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை சிறுநீர் கழிக்கவே இல்லை என்றால் சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம்.

தோலின் நிறமாற்றம் பற்றி வெளிநாட்டுப் பிரசுரங்களில் உள்ள படங்கள் வெளுத்த தோலுக்கு உரியவை. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அவை எளிதில் தெரியாது. நகக்கண், உள்ளங்கை, உதடு, நாக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விரல் நுனியை ஐந்து வினாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆவதும், கைகால் சில்லிட்டு முழங்காலைச் சுற்றித் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதும் ரத்த ஓட்டம் குன்றியதன் அடையாளங்கள். ரத்த அழுத்தத்தில் ஓர் எச்சரிக்கை: எப்போதும் 160 இருப்பவருக்கு 105 என்பது நல்ல அளவு அல்ல, அது வீழ்ச்சி. ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தொற்றின்போது நாடித் துடிப்பு உயர வேண்டிய அளவுக்கு உயராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்நிலையில் கவனிக்காமல் விட்டால், ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிந்து, டிரிப்ஸ் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தம் நிற்காத அதிர்ச்சி நிலைக்கு நோயாளி போய்விடக்கூடும். அந்த நிலையை அடைந்தவர்களில், மருத்துவமனையில் இருக்கும்போதே, பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இறக்கிறார்கள். ரத்த அழுத்தம் வீழ்ந்த பிறகு சரியான ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் அதிர்ச்சி நிலை இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. மூச்சு, மனநிலை, ரத்த அழுத்தம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துச் செப்சிஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலின் கருத்து. ஆகவே இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இல்லாவிட்டாலும் நோயாளி நேற்றைவிட மோசமாகத் தெரிகிறார் என்று உடனிருப்பவருக்குத் தோன்றினால் அதையும் மதிக்க வேண்டும்.

சென்னையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மழைநீர் தேங்கிய தெருக்களில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும், புதர் மண்டிய இடங்களில் உள்ள பூச்சிக் கடியால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் வருகின்றன. ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுக்க வேண்டும். பென்சிலின் வகை மருந்துகளும் பரவலாகப் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் அதற்குப் பயன்படாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று பார்த்து, வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் விலைமதிப்பற்ற நேரம் மிச்சமாகும். மருந்துக்கடையில் நோய் சொல்லி இரண்டு நாள் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இதற்கு நேர்மாறான கேட்டைச் செய்கிறது: நோய் அரைகுறையாக அடங்கியதுபோல் தோன்றி நாள் கடந்துவிடும், பிறகு ரத்தத்தைச் சோதித்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி 2012-இல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டது இதே நகரத்தில்தான்.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு நடுக்கம், அடிவயிற்று வலி, பிறப்புறுப்பிலிருந்து துர்நாற்றமுள்ள கசிவு இருந்தால் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிப் போடக் கூடாது. பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடல் சில்லிடுவது, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு விடுவது ஆகியவை தாமதிக்க முடியாத அறிகுறிகள்.

108-ஐ அழைக்கும்போது வெறுமனே காய்ச்சல் என்று சொல்லாமல், மூச்சின் எண்ணிக்கை, குழப்பம், சிறுநீர் நின்ற நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் "இது செப்சிஸாக இருக்குமா?" என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

தமிழக அரசுக்கும் பெருநகரச் சென்னை மாநகராட்சிக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை நோயாளிகள், ரத்த அழுத்த நோயாளிகள், படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கே செல்கிறார்கள். செப்சிஸ் எளிதில் தாக்கக்கூடியவர்களும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஒரு நிமிடம் மூச்சை எண்ணவும், கால் புண்ணையும், சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாயையும் பார்க்கவும், எப்போது 108-ஐ அழைக்க வேண்டும் என்று குடும்பத்தாருக்குச் சொல்லவும் அந்த ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். காய்ச்சல் முகாம்களில் மாத்திரை கொடுத்து அனுப்பும் ஒவ்வொருவர் கையிலும் இந்த அறிகுறிகள் அச்சிட்ட துண்டுச் சீட்டு ஒன்றும் போக வேண்டும். தங்கள் நாளிதழும் இந்த மழைக்காலம் முடியும்வரை காய்ச்சல் செய்தி வெளியாகும் நாள்களில் அதன் பக்கத்திலேயே இந்த அறிகுறிகளைச் சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
பெரம்பூர், சென்னை.