135 பெயர்களும் இரண்டு முன்மொழிவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஆளுநரைப் பதவிக்காலம் முடியுமுன்பே நீக்கலாமா என்று மக்களிடம் கேட்ட 2003ஆம் ஆண்டுத் திரும்ப அழைக்கும் தேர்தலைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, ஆளுநர் கிரே டேவிஸ் பதவியிழந்து நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் அந்த இடத்துக்கு வந்த கதையைச் சுவையாகவே சொல்லியிருந்தது. ஆனால், திரைக்கவர்ச்சியில் மயங்கிய மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்தார்கள் என்ற அதன் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அக்டோபர் 7 அன்று அவர்களுக்குத் தரப்பட்ட அதே வாக்குச்சீட்டில் 53, 54 என்று எண்ணிட்ட, மக்களே நேரடியாக வாக்களித்து முடிவுசெய்யும் இரண்டு சட்ட முன்மொழிவுகளும் இருந்தன. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவை 2004 மார்ச் தேர்தலுக்கெனக் காத்திருந்தவை. இடையில் இத்தேர்தல் வந்துவிட்டதால் முன்னதாகவே மக்கள்முன் வைக்கப்பட்டன. மாநிலப் பொது நிதியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் உள்கட்டமைப்புக்கு ஒதுக்கச் சொன்னது 53. கல்வி, அரசு வேலை, ஒப்பந்தம் போன்றவற்றில் மக்களை அரசு இனவாரியாக வகைப்படுத்துவதைத் தடுக்க முயன்றது 54. டேவிஸை நீக்கலாம் என்று சுமார் 55 விழுக்காட்டினர் சொன்ன அதே நாளில், இவ்விரண்டையும் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். மயங்கிய கூட்டம் இவ்வளவு பிரித்துப் பார்க்காது.

இதில் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், மாநிலச் செயலாளர் அலுவலகம் வாக்காளர்களின் வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பும் தகவல் கையேட்டைச் சொல்லாமல் இந்தத் தேர்தலைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முன்மொழிவுக்கும் அட்டர்னி ஜெனரல் எழுதிய தலைப்பும் சுருக்கமும், கட்சி சாராத சட்டமன்ற ஆய்வாளர் தரும் செலவுக் கணக்கும், ஆதரவு எதிர்ப்பு வாதங்களும், அந்த வாதங்களுக்கு எதிர்த்தரப்பின் மறுப்புகளும், முழுச் சட்ட வாசகமும் அதில் இருக்கும். இவை எழுதியவர்களின் கருத்துகளே, எந்த அரசு அலுவலகமும் இவற்றின் உண்மையைச் சரிபார்க்கவில்லை என்ற எச்சரிக்கையும் வாதப் பக்கங்களின் அடியில் அச்சாகியிருக்கும். அரசு தன் செலவில் அச்சிடும் நூலில் இப்படியொரு நேர்மையான வரி இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முன்மொழிவுகளை இவ்வளவு விரிவாக அலசும் கையேடு, வேட்பாளர்கள் என்று வரும்போது மெலிந்துவிடுகிறது. செலவு வரம்பை ஏற்றுக்கொண்ட வேட்பாளர் மட்டுமே பணம் கட்டி அதில் 250 சொற்களுக்குள் தம் அறிக்கையை வெளியிடலாம் என்பதால், மிகுதியாகச் செலவழிப்பவரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். 2003இல் போட்டியிட்டவர்களோ 135 பேர். அவர்களின் பெயர்கள் அகரவரிசையிலும் இல்லை. குலுக்கலில் ஆர், டபிள்யூ, க்யூ என்று தொடங்கிய ஓர் எழுத்து வரிசை, சட்டமன்றத் தொகுதிகள் எண்பதிலும் சுழற்சி முறையில் மாறிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்த மாதிரி வாக்குச்சீட்டில் முன்கூட்டியே குறித்துக் கொண்டுபோகாதவர், தாம் விரும்பிய பெயரைத் தேடித் திணறியிருப்பார்.

அதைவிடக் குழப்பமானது, ஆளுநரை நீக்கலாமா, நீக்கினால் அடுத்து யார் என்ற இரட்டைக் கேள்வி. முதல் கேள்விக்கு வாக்களிக்காதவரின் இரண்டாவது வாக்கு செல்லாது என்றிருந்த விதியை சான் டியேகோவின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் ரத்து செய்ததே தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்புதான். நீக்க வேண்டாம் என்பவரும் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த இரண்டாவது கேள்வியில் முதலில் வருபவர் பாதி வாக்கைத் தொட வேண்டியதும் இல்லை. அப்படியிருந்தும் 2021இல் கேவின் நியூசமை நீக்கக் கோரிய தேர்தலில், வாக்களித்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இரண்டாவது கேள்வியை வெறுமையாகவே விட்டார்கள். அவர்களில் பலர், அதை விட்டுவிடுங்கள் என்ற ஆளுநர் தரப்பின் பிரசாரத்தைக் கேட்டு நடந்தவர்கள். ஒருவேளை முதல் கேள்வியில் ஆளுநர் தோற்றிருந்தால், அடுத்தவர் யார் என்பதை முடிவுசெய்யும் உரிமையை அவர்கள் தாமாகவே மற்றவர்களிடம் விட்டுக்கொடுத்தவர்களாக இருந்திருப்பார்கள்.

மாநிலக் கையேடு இந்தி உட்படப் பல மொழிகளில் வருகிறது. அவற்றில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் அந்தத் தடித்த புத்தகத்தைப் படித்து முடிக்க இயலாத முதியவர்கள் இங்குள்ள தமிழ் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. அடுத்த மாநிலத் தேர்தலுக்கு முன்பு, தங்கள் இதழ் நட்சத்திர வேட்பாளர்களுக்கு ஒதுக்கும் இடத்தில் இரண்டு பக்கங்களையாவது முன்மொழிவுகளின் சுருக்கத்துக்கும், அவற்றின் இருதரப்பு வாதங்களுக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா