ஆர்டரில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும்

வணக்கம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் பிரசவ வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டிலும் இருந்திருக்கிறேன். நர்சிங் முடித்த பெண்கள் இன்றும் வேலை விஷயமாக என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். சம்பளம், ஹாஸ்டல், நைட் டூட்டி எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் சிலர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பார்கள். "சிஸ்டர், அங்க கருக்கலைப்பு கேஸ் வருமா? நான் கூட நிக்கணுமா?"

இதை இன்டர்வியூவிலேயே கேட்டிருக்கலாமே என்றால், "எப்படி சிஸ்டர் கேக்குறது, வேலையே குடுக்க மாட்டாங்க" என்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பக்கத்துப் பெண்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவை ஒரு வருடம் தவறவிடாத குடும்பத்துப் பெண் வருகிறாள். வடலூர்ப் பக்கம், எறும்பைக்கூட மிதிக்காதே என்று சொல்லி வளர்த்த சன்மார்க்க வீட்டுப் பெண் வருகிறாள். பரங்கிப்பேட்டையிலிருந்து, வயிற்றில் உயிர் வந்த பிறகு கைவைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் வருகிறாள். சாமி நம்பிக்கையே இல்லாதவளுக்கும் இந்தத் தயக்கம் வரலாம். குழந்தைக்காக வருடக் கணக்கில் ஏங்கியவளை கருக்கலைப்பு நடக்கும் டேபிள் பக்கத்தில் நிற்கச் சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்?

சட்டம் ஒரு பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட பெண்களுக்கு, இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. திருமணம் ஆகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மனசாட்சி ஒப்பவில்லை என்று ஒதுங்க நினைக்கும் செவிலியரைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. பிரிட்டனில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவள் உடம்புக்கோ மனசுக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ வேண்டிய நிலையில் மட்டும் யாரும் ஒதுங்க முடியாது என்று அதே பிரிவு எல்லையும் போடுகிறது. இங்கே எழுத்தில் எதுவும் இல்லாததால், எல்லாமே இன்சார்ஜ் சிஸ்டரின் அன்றைய மனநிலையைப் பொறுத்துப் போகிறது. நல்லவராக இருந்தால் டூட்டியை மாற்றிப் போடுவார். இல்லையென்றால் "இதெல்லாம் பாக்குறவ எதுக்கு நர்சிங் படிச்ச?" என்ற கேள்விதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைத் தாய்சேய் வார்டு என்று சொல்லித்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்ந்த புதிதிலேயே ஒரு நைட் டூட்டியில், நான்கு மாதத்துக்கு மேல் போன ஒரு கேஸை அவளிடம் ஒப்படைத்துவிட்டு சீனியர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். மாத்திரை வைத்தாகிவிட்டது, வலி வந்தால் கூப்பிடு என்பது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த ஹேண்டிங் ஓவர். விடிந்ததும் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. அதைத் திரும்ப வாங்க அவளுடைய அப்பா நடையாய் நடந்தார். அன்றிரவு அந்த நோயாளிப் பெண்ணுக்கு என்ன பராமரிப்பு கிடைத்திருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பயந்து அழுதுகொண்டிருக்கும் ஒருத்தியை, உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கும் இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுப் போனால் அது இரண்டு பேருக்கும் செய்த அநியாயம்.

"டாக்டருக்கு உதவியாக நிற்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த வேலை எப்படி இருக்கும் என்று வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். அப்புறம் மணிக்கணக்கில் கூட இருப்பது செவிலியர்தான். பிபி, நாடி பார்ப்பது, வலிக்கு ஊசி போடுவது, வாந்திக்கு கிட்னி ட்ரே பிடிப்பது, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது, நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் அவள் வேலை. ரத்தப்போக்கு எவ்வளவு என்று தெரிய, நனைந்த பேட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து அடுத்த மணி நேரமும் அப்படியே போகிற வரை விட்டுவைக்கக் கூடாது, அதற்கு முன்பே டாக்டரை எழுப்பியாக வேண்டும். இத்தனையும் தன் கை வழியாக நடக்கும் என்று தெரிந்து சம்மதிப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

ஒதுங்க நினைக்கும் பெண்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதி நியாயம்தான் ஆகும். சட்டம் வந்து பல வருடம் ஆன பிறகும், கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். குளிர் ஜுரத்தில் உடம்பு தூக்கிப்போடும். கட்டிலுக்குக் கிட்டே போகும்போதே நாற்றம் வரும். கை கால் சில்லிட்டு, நாடி விரலுக்கு அகப்படாது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் திட்டுவார்கள், நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் அவர்கள் அந்தக் குச்சியைத் தேடிப் போனார்கள். அப்படி ஒருத்தியைப் பக்கத்திலிருந்து பார்த்த செவிலியர், இனி எந்தப் பெண்ணும் அந்தக் குச்சியைத் தேடிப் போகக் கூடாது என்று டேபிள் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்கும் மனசாட்சி சொன்னதுதான் அது. ஆனால் நடப்பது என்ன? மற்றவர்கள் ஒதுங்க ஒதுங்க எல்லாக் கேஸும் அவள் தலையில் விழுகிறது. கூடவே ஒரு பட்டப்பெயரும் வைத்துவிடுகிறார்கள். மாற்று ஏற்பாடு என்று நான் கேட்பது அவள் முதுகில் மூட்டை ஏற்றுவதற்கு இல்லை. போதுமான ஆளைப் போட்டு, ரோஸ்டர் எழுதும்போதே கணக்கில் வைத்து, ஒதுங்கியவளுக்கு அதே அளவு வேறு பாரமான வேலை கொடுத்துச் செய்ய வேண்டும்.

ஒதுங்குவதற்கு எல்லையும் உண்டு. மாத்திரை கொடுக்க மாட்டேன், கருவி எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணைத் தொட மாட்டேன் என்று சொல்ல ஒரு செவிலியருக்கும் உரிமை இல்லை. நோயாளியிடம் பாவ புண்ணியம் பேசக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. ஊர்க்காரப் பெண்ணாகவே இருந்தாலும் வெளியில் மூச்சு விடக் கூடாது. யாருக்குக் கருக்கலைப்பு நடந்தது என்ற விவரத்தை வெளியில் சொன்னால் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது நம் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவு. டாக்டருக்கே அப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! சர்வதேசச் செவிலியர் கவுன்சில் 2021இல் வெளியிட்ட நெறிமுறையும் இதையேதான் சொல்கிறது. குறிப்பிட்ட சிகிச்சை முறையில் பங்கெடுக்க மறுக்கலாம், ஆனால் நோயாளிக்கு வேண்டிய பராமரிப்பு மரியாதையோடும் தாமதமில்லாமலும் கிடைக்க வழி செய்தாக வேண்டும். இதைக் கடைசி வருட மாணவிகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

கருக்கலைப்போடு இது முடியவில்லை. நம் ஊர்களிலும் குழந்தையின்மை சிகிச்சை மையங்கள் வந்துவிட்டன. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, அங்கே உருவாக்கிய கருவை உறைநிலையில் அதிகபட்சம் 10 ஆண்டுதான் வைக்கலாம். அப்புறம் அதை அழிய விட வேண்டும், அல்லது சிகிச்சைக்கு வந்தவர்களின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். சேரும் பெண்ணுக்கு இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஐசியூவில் மூளைச்சாவு கேஸ் வரும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து டாக்டர்கள் முடிவு சொல்வார்கள், மானிட்டரில் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். உடலுறுப்பு தானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் முதல்முறை அதைப் பார்க்கும் இளம்பெண்ணோடு உட்கார்ந்து பேச ஒரு சீனியர் வேண்டும்.

அரசுப் பணியில் விஷயம் கொஞ்சம் வேறு. மஞ்சக்குப்பமோ கதிர்காமமோ கோரிமேடோ, எந்த அரசு ஆஸ்பத்திரியானாலும் எந்த வார்டு என்று தேர்ந்தெடுக்கும் வசதி புதிதாகச் சேர்பவருக்கு இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் செவிலியர் வாயே திறக்க மாட்டார், புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். அங்கே வார்டு போடும் முன் கண்காணிப்பாளர் தனியாக ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

வெளிநாடு போகும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் அனுப்புவது இன்னும் மோசம். கடன் வாங்கி, ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிப் போகிறார்கள். கிளாஸ்கோவில் லேபர் வார்டு பொறுப்பிலிருந்த இரண்டு மிட்வைஃப்கள் தொடுத்த வழக்கில், நேரடியாகச் செய்யும் வேலையைத்தான் மறுக்கலாம், மேற்பார்வையையும் டூட்டி ஒதுக்குவதையும் மறுக்க முடியாது என்று 2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அயர்லாந்தில் 2019 ஜனவரியிலிருந்து கருக்கலைப்புச் சேவை நடக்கிறது, மறுக்கும் உரிமையும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. விமானம் ஏறும் முன் இது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுங்கள். இந்த வார்டில் இன்னின்ன சிகிச்சை நடக்கிறது, செவிலியர் இன்னின்னது செய்ய வேண்டும், எதிலிருந்து விலகிக்கொள்ளலாம், எதிலிருந்து முடியாது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நீ என்ன மதம், உனக்கு என்ன நம்பிக்கை என்று இன்டர்வியூவில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்க ஆரம்பித்தால் பேரைப் பார்த்தே ஆளைக் கழிப்பதில் போய் முடியும். வேலையை நீங்கள் சொல்லுங்கள், முடியுமா முடியாதா என்று அவள் வீட்டில் போய் யோசித்து வந்து சொல்லட்டும். அதற்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுங்கள்.

கல்லூரி முதல்வர்களே, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் ஆஸ்பத்திரிகளிடம் அந்தத் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பெண்கள் படிக்க நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கொடுக்காத ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ நடத்த ஹால் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கடலூர்.