கிழங்கு பிரிக்கும் நாளிலிருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. உங்கள் டேலியா சங்கத்தின் செயலாளர் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டதில் எனக்கு நிரம்பச் சந்தோஷம். நீ அனுப்பிய ஆண்டுத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். கண்காட்சிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கிழங்கு பிரிக்கும் நாளுக்கு ஒரே ஒரு வரி. இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மேசையில் பூ எப்படி நிற்கப்போகிறது என்பது பல மாதம் முன்னாடியே, எந்தக் கிழங்கை எந்தக் கத்தியால் வெட்டி என்ன பெயர் எழுதி வைத்தோம் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

காரணம் சொல்கிறேன். டேலியா விதை தாயைப் போலச் செடி தராது. தோட்ட டேலியாவில் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதியாக, மொத்தம் 64 இருக்கின்றன. ஒரே பூவின் விதைகளைப் போட்டாலும் ஒவ்வொரு செடியும் ஒரு நிறம், ஒரு வடிவம் என்று வரும். புது ரகம் தேடுகிறவர்களுக்கு அது வரம். இருக்கிற ரகத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்குக் கிழங்கும் தண்டுத்துண்டும்தான் வழி. 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்' ரகம் 1920-களில் வந்தது. இன்றைக்கும் அதே சிவப்புப் பூவும் கருத்த இலையுமாக நிற்கிறது. இத்தனை காலமும் ஒரே செடியின் உடம்பைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்து வந்திருக்கிறார்கள். உடம்பு கைமாறும்போது அதில் இருக்கிற நோயும் சேர்ந்தே கைமாறும். தப்பாக எழுதிய பெயரும் அப்படித்தான்.

கிழங்கைத் தோண்டியவுடன் பிரிக்கலாம், அல்லது சேமிப்பிலிருந்து எடுத்து நடுவதற்கு முன் பிரிக்கலாம். தோண்டியவுடன் வெட்டினால் தண்டின் அடி மெத்தென்று இருக்கும், கத்தி சுலபமாக இறங்கும். ஆனால் கண், அதாவது முளை கிளம்பும் புள்ளி, தெரியாது. பழகியவர்கள்தான் அதைத் தடவிக் கண்டுபிடிப்பார்கள். பிற்பாடு வெட்டினால் அந்த இடம் கட்டைபோல இறுகியிருக்கும், கண் மட்டும் பருத்துத் தெளிவாகத் தெரியும். சங்கத்தில் பாதிப்பேர் புதியவர்கள் என்று எழுதியிருந்தாயே, அதனால் இரண்டாவது வழியையே வைத்துக்கொள். கூட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு கிழங்குக் கொத்துகளை 20 டிகிரி செல்சியஸ் அளவில் கதகதப்பான இடத்தில், லேசான ஈரத்தில் வைக்கச் சொல். கண்கள் கடுகு அளவிலாவது முட்டிக்கொண்டு வரும்.

முதலில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது: உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், டேலியாவில் அப்படி இல்லை. பழைய தண்டும் கிழங்கின் கழுத்தும் சேரும் மேல்பகுதியில் மட்டும்தான் கண். ஆகவே வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழங்கு உடம்பு, முறியாத கழுத்து, ஒரு கண்ணாவது உள்ள மேல்பகுதித் துண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. கழுத்து மடங்கி உள்ளே நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழங்கு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், மண்ணில் போட்டால் அழுகிவிடும். பெரிய கிழங்கிலிருந்து பெரிய பூ வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. பூவின் அளவு ரகத்தையும் வளர்ப்பையும் பொறுத்தது. விரல் பருமன் கிழங்கே தாராளம்.

கொத்தை நன்றாகக் கழுவி, சல்லிவேர்களை நறுக்கிவிட்டு, தண்டின் நடுவே இரண்டாகப் பிளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாதியையும் கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். போன பருவத்தில் நட்ட தாய்க்கிழங்கு கருத்து, தோல் முரடாக இருக்கும். அதைக் கழித்துவிடலாம். வெட்டுவாயில் பழுப்புத் தெரிந்தால் வெள்ளைச் சதை வரும்வரை சீவ வேண்டும். பழுப்பு கண்வரை ஓடியிருந்தால் தூக்கிப் போட்டுவிடு, இரக்கம் பார்க்காதே. வெட்டிய இடத்தில் கந்தகத் தூள் தொட்டு, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டால் போதும்.

கத்தி விஷயத்தில் கண்டிப்பாக இரு. டேலியா தேமல் வைரஸ் அசுவினியால் பரவுவது பலருக்குத் தெரியும். சாறு ஒட்டிய கத்தியும் அதைக் கொண்டுபோகலாம் என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். ஒரே கொத்தை வெட்டி முடிக்கும்வரை ஒரே கத்தி இருக்கலாம். அடுத்த கொத்துக்குப் போகும்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு கத்தி வை. ஒன்று வேலை செய்யட்டும், மற்றது துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்த கரைசலில் ஊறட்டும். மண்ணும் சாறும் ஒட்டிய கத்தியை அப்படியே முக்கினால் பிளீச்சின் வீரியம் அதிலேயே போய்விடும். முதலில் துடைக்க வேண்டும். கலங்கினால் கரைசலையும் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவாவிட்டால் கத்தி துருப்பிடிக்கும்.

மேசைக்கு வரக்கூடாத கொத்துகளும் உண்டு. தண்டின் அடியில் காலிஃப்ளவர் மாதிரி பொடிப்பொடியாக நூறு குருத்து நெருக்கி வந்திருந்தால், புதியவர்கள் எவ்வளவு முளை என்று மகிழ்ந்துபோவார்கள். அது பாக்டீரியாவால் வரும் இலைக்கழலை நோய். முண்டுமுண்டாக, சொரசொரப்பாகக் கட்டி இருந்தால் அதுவும் பாக்டீரியாவால் வரும் இன்னொரு கழலை நோய். இரண்டுக்கும் மருந்து இல்லை. கொத்தோடு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பு, உரக்குழியில் போடாதே. வாசலிலேயே ஒரு விவரம் தெரிந்தவரை உட்காரவைத்து, கொத்துகளைப் பார்த்துவிட்டு உள்ளே விடச் சொன்னால் நல்லது.

அடுத்தது பெயர். ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ரகம் என்று சட்டம் போட்டுவிடு. வெட்டி ஆறியதும் அழியாத மை பேனாவால் கிழங்கின் உடம்பிலேயே பெயரை எழுத வேண்டும். சீட்டு நனையும், கட்டிய நூல் அவிழும். கிழங்கில் எழுதியது நடும் நாள்வரை நிற்கும். பெயரில் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் 'பெயர் தெரியாது' என்றே எழுதிச் சங்கத்தின் பொதுப்பாத்தியில் நட்டுவிடு. பூத்த பிறகு தீர்மானிக்கலாம். விற்பனைக்கு வைக்கும் கிழங்கில் கண் வெளியே தெரிய வேண்டும். தெரியாதவற்றை ஈரமான தேங்காய்நார்க் கழிவில் இரண்டு மூன்று வாரம் கதகதப்பாக வைத்துப் பார். முளைத்தால் அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.

கிழங்கு கொஞ்சமாகவும் கேட்பவர்கள் நிறையவும் இருக்கும் ரகத்துக்குத் தண்டுத்துண்டு நல்ல வழி. முளைவிட்ட கிழங்கிலிருந்து மூன்று அங்குலக் குருத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, வேர்பிடிக்கும் ஹார்மோன் தூளில் தொட்டு, மணல் கலந்த கலவையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். கிழங்கில் அடிக்கணுவை விட்டுவைத்தால் மறுபடி குருத்து வரும்.

நடவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண் 15 டிகிரிக்கு மேல் சூடேறியபின், நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்தில், கண் மேலே பார்க்கக் கிழங்கைப் படுக்கவைக்க வேண்டும். பெரிய ரகங்களுக்கு இரண்டடி இடைவெளி. கம்பை முதலில் ஊன்று, பிறகு கிழங்கை வை. பின்னால் ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்திவிடும். மண்ணில் ஈரம் இருந்தால் முளை வெளியே வரும்வரை தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆர்வத்தில் தினமும் ஊற்றுவதால்தான் நிறையக் கிழங்கு அழுகுகிறது. உரத்தில் தழைச்சத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல். மிகுந்தால் இலை மதமதவென்று வரும், தண்டு தொய்யும், கிழங்கும் சேமிப்பில் நிற்காது.

நான்கு ஜோடி இலை வந்ததும், கிளைகள் பெருகுவதற்காக நுனி கிள்ள வேண்டும். பொதுப்பாத்தியில் ஒரு செடியைக் கிள்ளி, பக்கத்துச் செடியைக் கிள்ளாமல் விட்டுவை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உறுப்பினர்களுக்குப் பேச்சே தேவைப்படாது.

மொட்டுக் களைவதற்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்கு. தண்டின் நுனியில் மூன்று மொட்டு சேர்ந்து வரும். நடுவில் இருப்பது பட்டாணி அளவு ஆனதும் பக்கத்து இரண்டையும் விரலால் சாய்த்து ஒடிக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள இரண்டு கணுக்களின் பக்கக் குருத்துகளையும் எடுத்தால் பூவுக்கு நீளமான, நேரான காம்பு கிடைக்கும். மிகவும் தாமதித்தால் காம்பில் காயத் தழும்பு தெரியும். மிகவும் முந்தினால் நடு மொட்டே ஊனமாக இருந்து, மாற்று இல்லாமல் போகும். பத்து அங்குலப் பூ பூக்கும் ராட்சத ரகங்களுக்குச் செடிக்கு மூன்று நான்கு தண்டு போதும். பாம்பான் (pompon) என்னும், பந்து போன்ற சின்னப் பூ ரகத்துக்கு இது நேரெதிர். தண்டைக் குறைத்து மொட்டையும் களைந்தால் பூ பெருத்து, இரண்டு அங்குல அளவைத் தாண்டிவிடும், போட்டியில் ஒதுக்கிவிடுவார்கள். பாம்பானுக்குக் கிளைகளை நிறைய விட வேண்டும்.

கூடவே ஒரு பதிவேடு தொடங்கு. ரகம், நுனி கிள்ளிய தேதி, மொட்டுப் பட்டாணி அளவான தேதி, பூ முழுதாக விரிந்த தேதி. இந்த நான்கும் போதும். மொட்டிலிருந்து விரிய எத்தனை நாள் என்பது ரகத்துக்கு ரகம் மாறும், வெப்பத்துக்கும் மாறும். உங்கள் மண்ணின் கணக்கை வேறு எந்தக் கையேடும் சொல்லாது. இரண்டு மூன்று பருவப் பதிவு சேர்ந்தால், கண்காட்சிக்கு எந்த ரகத்தை எப்போது கிள்ளுவது என்பது கைக்கு வந்துவிடும்.

தோட்டம் பார்க்கப் போகும் நாட்களில் பூவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இலையைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் சிவப்புச் சிலந்திப்பேன் புள்ளியாக விழுந்து ஊரும். சூடும் வறட்சியும் கூடும்போது அது பெருகும். நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு ஓடி, இலை சுருங்கி, செடி குட்டையாக நின்றால் தேமல் என்று சந்தேகிக்கலாம். சத்துக்குறையும் சில நேரம் இப்படிக் காட்டும், அதனால் உரம் கொடுத்து வரும் புது இலையைப் பார்க்க வேண்டும். அதிலும் கோடு இருந்தால் செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது. சில ரகங்கள் வைரஸை வெளியே காட்டாமலே சுமக்கும். கத்தி சுத்தத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதற்காகத்தான்.

இனி உன் கண்காட்சி. விதிமுறைச் சீட்டின் முதல் வரியிலேயே எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று எழுது. 1881-ல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய டேலியா சங்க முறையும், 1915-ல் தொடங்கிய அமெரிக்க டேலியா சங்க முறையும் ஒன்றல்ல. அமெரிக்க முறையில் டெகரேட்டிவ் என்னும் அடுக்குப் பூக்கள் இதழ் ஒழுங்காக அடுக்கியவை, அலைந்து நெளிந்தவை என இரண்டாகப் பிரியும். பிரிட்டிஷ் முறையில் அது ஒரே பிரிவு. இதைச் சொல்லாமல் விட்டால், நல்ல பூவைத் தப்பான பிரிவில் வைத்துவிட்டு வருத்தப்படுவார்கள்.

பூவை முந்தின நாள் சாயங்காலமோ விடியற்காலையோ வெட்டி, கழுத்தளவு தண்ணீரில், குளிர்ச்சியான இருட்டறையில் வைக்கச் சொல். வெட்டியபின் டேலியா மொட்டு விரியாது. முக்கால் பங்காவது விரிந்ததைத்தான் வெட்ட வேண்டும். கொண்டுவரும்போது ஒரு பூ இன்னொன்றைத் தொடக்கூடாது, இதழ் உரசினால் சீக்கிரமே பழுப்பு ஏறும். ஒரு புட்டிக்கு ஒரு பூ வைத்து, பூக்கள் தொடாத இடைவெளி விட்டு, புட்டிகளைப் பெட்டியில் அசையாமல் பொருத்தினால் சாயாது.

பூவைத் தேர்ந்தெடுக்கும்போது பின்பக்கத்தை முதலில் பார்க்கப் பழக்கு. நடுவர் திருப்பிப் பார்ப்பார். பின்வரிசை இதழ் வாடியிருந்தால் அந்தப் பூ முதுமை தட்டிவிட்டது. முழு அடுக்குப் பூக்களில் நடுவில் மஞ்சள் வட்டம் திறந்துவிட்டாலும் அப்படித்தான். மூன்று பூ வைக்கும் பிரிவில் ஒரு பூ மற்ற இரண்டையும்விடப் பெரிதாக, அழகாக இருப்பதால் லாபமில்லை. மூன்றும் ஒரே அளவு, ஒரே வயது, ஒரே நிறச்செறிவு என்று இருக்க வேண்டும். முதன்முறை பங்கெடுப்பவர்களுக்கென்று தனிப்பிரிவு வை. தீர்ப்பு முடிந்ததும் நடுவரையே மேசை மேசையாக அழைத்துப் போய், ஏன் இது முதல், ஏன் அது இரண்டாவது என்று சொல்லவை. கோப்பையைவிட அந்த அரைமணி நேரம் அவர்களுக்கு உதவும்.

திட்டத்தைத் திருத்தி எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. கிழங்கு பிரிக்கும் நாளுக்கு மேசைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரவைக்காதே.

அன்புடன்,
அம்மா

பி.கு. பருவம் முடிந்து தண்டை வெட்டும்போது ஒன்றை எல்லோரிடமும் சொல்லிவிடு. டேலியாத் தண்டு குழாய் மாதிரி உள்ளே பொள்ளலானது. அரை அடி விட்டு வெட்டிய தண்டில் மழை நீர் இறங்கித் தேங்கினால் கண் இருக்கும் இடமே அழுகிவிடும். தோண்டத் தாமதமானால் வெட்டுவாயை ஒரு அலுமினியத் தாளால் மூடிவை. தோண்டியபின் கொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நாள் வடியவிடு. பிறகு வெர்மிகுலைட் என்னும் லேசான கனிமத் துகளில் புதைத்து, 4 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பார். சுருங்கினால் லேசாகத் தண்ணீர் தெளி. பூஞ்சணம் கண்டால் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுக் காற்றாட வை.