பாப்பாவுக்கு, சைலன்சர் விஷயமாக

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து பேச்சே இல்லை. வேலை இருக்கும், தெரியும். அண்ணன் கல்யாணத்தில் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயோ என்றுதான் யோசனை.

உன் விமானத்தில் பறந்துவிட்டு இறங்கினால் தலை கனக்கிறது, ஒருநாள் குமட்டலும் இருந்தது என்றாயாமே, அம்மா சொன்னாள். தூக்கம் போதவில்லை என்றாயாம். இருக்கலாம். ஆனால் இப்போது குளிர்காலம். ஹீட்டர் நாபை இழுத்துவிட்டுத்தான் பறப்பாய். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சைலன்சரைச் சுற்றியிருக்கும் தகட்டு உறைக்குள் ஓடிவரும் காற்றுதான் உன் காலடிக்கு வருகிறது. உறைக்குள் மயிரிழை கிராக் இருந்தாலும் புகையும் கூடவே வரும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அது பட்டால் நிறம் மாறும் என்று டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் அந்தப் பொட்டு அட்டையை நம்பாதே, நாளானால் அது நிறம் மாறாது. அந்த வாயுவை அளக்கும், பேட்டரியில் ஓடும் மீட்டர் ஒன்று வாங்கு.

உறையைக் கழற்றிப் பார். வெளியே பளபளவென்று இருப்பது கணக்கில்லை. சாம்பல் பூத்த கோடோ கரிக்கோடோ தெரிந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

1946 செஸ்னா 140, என்னைவிட மூத்தது. அதன் 85 குதிரைசக்தி இன்ஜினைத் தனி ஆளாகப் பிரித்துக் கோத்தவள் நீ. இதை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தாலே என் குரல் மாறிவிடுகிறதாம், அம்மா கேலி செய்கிறாள். ஆனால் செய்த வேலையை லாக் புத்தகத்தில் எழுதச் சொன்னால் மட்டும் உனக்குக் கை வலிக்கும். கழற்றும் ஒவ்வொரு முறையும் கேஸ்கட்டைப் புதிதாகப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்பாய்.

அந்த சைலன்சருக்காக எட்டு மாதம் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கிடைத்ததெல்லாம் ஓட்டை உடைசல். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டியது பொத்தென்று கேட்டது, குத்தூசி அப்படியே உள்ளே இறங்கியது. ஒன்றை நீ குலுக்கினாய், உள்ளே தடுப்புத் தகடு கழன்று கடகடத்தது. இது ஓடும்போது வாயை அடைத்தால் பவர் போய்விடும் என்று நீயே சொல்லித் தூக்கி எறிந்தாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம், தெரியுமா. சொல்லவில்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. விளிம்பில் இருந்த கிராக்கை நான் பற்றவைத்து அனுப்பினேன். வெல்டிங் என்ன அழகு அப்பா என்று போன் செய்தாய்.

பாப்பா, பற்றவைக்கும்போது சூடான உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு, அன்றைக்கு சிலிண்டரில் முடியப்போகிற நேரம். வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் வந்தது. உள்பக்கம் ஆர்கான் விடாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றவைத்தால் வெளியே வெள்ளியாய் மின்னும், உள்ளே கருகிப் பொருக்குத் தட்டிப்போகும். அது உனக்கும் தெரியும். அதனால்தான் மறைத்தேன். இரண்டு வாயையும் அடைத்து, 2 பிஎஸ்ஐ காற்று விட்டுத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன் என்றேனே, அது பொய். முக்கவே இல்லை. உன் பிறந்தநாளுக்குள் வந்து சேர வேண்டும் என்ற அவசரம். அதோடு இடது கண் மங்கி ஒரு வருஷம் ஆகிறது. குமிழி வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அம்மாவுக்கு இது தெரியாது. கல்யாணத்தில், உன் வேலையில் சுத்தம் போதாது என்று எல்லார் முன்னாலும் சொன்னவனும் இதே ஆள்தான்.

அதனால் உறையைக் கழற்று. ஹீட்டரை மூடிவிட்டுப் பறக்கலாம் என்று நினைக்காதே, இடுக்கு வழியாகவும் புகை வரும். அது சரியாகும்வரை பறக்கவே வேண்டாம். வெல்டிங் இருந்த பகுதியை முழுதாக வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கச் சொல். வெட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட விடாதே, சூடானதும் அது உலோகத்தில் இறங்கி அதே கோட்டில் கிராக் விடும்.

கழற்றி எனக்கு அனுப்பிவிடு என்று எழுத நினைத்தேன். வேண்டாம், கண் நன்றாகத் தெரிகிற ஒருவரிடம் கொடு. முக்கும்போது நீ பக்கத்தில் நில்.

கழற்றியதும் போன் செய். திட்டுவதற்காக இருந்தாலும் செய்.

அப்பா